பக்கத்து அறைக்கு வராத வைஃபை

அக்கா மகளிடம் இருக்கும் லேப்டாப் 2016இல் வாங்கியது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது, 11 அந்தப் பழைய பிராசசரில் ஏறாது. ஓடுகிற கருவியைப் பரணில் போட மனம் வராமல், விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிக் கொடுத்தேன்: லினக்ஸ் மின்ட் 22, பழைய கணினிக்கும் கனக்காத எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. மூன்றாம் நாள் போன் வந்தது.

"மாமா, ஹால்ல உட்காந்தா நெட் வருது. என் ரூமுக்குப் போனா நின்னுடுது. விண்டோஸ்ல இப்படி இல்ல."

கடைசியாகச் சொன்னாளே, அதுதான் என்னை உறுத்தியது. சும்மா கிடைப்பது இப்படித்தான் இருக்கும் என்று அந்த வீட்டில் ஒருமுறை முடிவு கட்டிவிட்டால், அப்புறம் யாரும் லினக்ஸ் பக்கம் திரும்ப மாட்டார்கள். சனிக்கிழமை காலையிலேயே கிளம்பிப் போனேன்.

முதலில் ரௌட்டரைச் சந்தேகித்தேன். இடம் மாற்றினேன், சேனலை மாற்றினேன். அதே அறையில் அவள் போனில் கோடு முழுதாக நிற்கிறது, லேப்டாப்பில் ஒரு கோடு வந்து வந்து போகிறது. அடுத்து மின்சேமிப்பு. லினக்ஸில் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜரின் அமைப்புக் கோப்பில் வைஃபை பவர்சேவ் 3 என்று இருக்கும். அதை 2 ஆக்கினால் மின்சேமிப்பு நின்றுவிடும். இணைப்பு அடிக்கடி விட்டு விட்டு வருபவர்களுக்கு இது நன்றாகவே உதவும். எங்களுக்கு ஒரு மாற்றமும் இல்லை. அதற்குள் மதியம் ஆகிவிட்டது.

சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தபோதுதான், அதுவரை எதையும் அளக்கவில்லை என்பது உறைத்தது. திரையில் தெரியும் கோடுகளை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில் 'ஐடபிள்யூ' கட்டளையைக் கொடுத்தால் சிக்னல் எவ்வளவு என்று எண்ணாகவே காட்டும். அது டெசிபல் கணக்கு, கழித்தல் குறியோடு வரும். பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. -50 என்றால் அருமை, -85 என்றால் இணைப்பு இழுபறிதான். பத்து குறைந்தால் வலிமை பத்தில் ஒரு பங்கு.

அவள் அறையில் -86. சரி, தூரம் என்று நினைத்து ரௌட்டருக்கு ஒரு கை தூரத்தில் லேப்டாப்பை வைத்தேன். -62. அவ்வளவு பக்கத்தில் -30, -40க்குள் இருக்க வேண்டும். ஆக, சுவரும் தூரமும் காரணமில்லை. லேப்டாப்புக்கே காது சரியாகக் கேட்கவில்லை.

'எல்எஸ்பிசிஐ' கட்டளை உள்ளே இருக்கும் வைஃபை கார்டைக் காட்டியது: ஆர்டிஎல்8723பிஇ. 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே பிடிக்கும் சின்னக் கார்டு. (ரௌட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் இதில் தெரியவே தெரியாது; அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.) கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது, எதையும் தேடி இறக்க வேண்டியதில்லை. 'மோட்இன்ஃபோ' கொடுத்து அந்த டிரைவர் என்னென்ன அமைப்புகளை ஏற்கும் என்று ஒவ்வொரு வரியாகப் படித்தேன். நடுவில் ஒரு வரி: ஆன்ட்_செல், ஆன்டெனா எண்ணைக் கட்டாயப்படுத்த 1 அல்லது 2 கொடுக்கவும், இயல்பாக 0.

உடனே லேப்டாப்பை அணைத்து அடிமூடியைக் கழற்றினேன். கார்டின் ஓரத்தில் கடுகளவில் இரண்டு பொன்னிற முனைகள். ஒன்றில் கறுப்பு வயர் அழுத்திச் செருகியிருக்கிறது. இன்னொன்று மொட்டையாக நிற்கிறது. கார்டில் இரண்டு முனை இருக்க, லேப்டாப்பில் வைத்தது ஒரே ஆன்டெனா. அதில் தவறில்லை. ஆனால் எந்த முனையில் வயர் இருக்கிறது என்று கார்டுக்குள் பதிந்த குறிப்பு மாறியிருந்தால், டிரைவர் அதை நம்பி மொட்டை முனையில் காதை வைத்துக்கொண்டிருக்கும்.

வயரை மாற்றிச் செருகவும் செய்யலாம். அந்த முனைகள் அடிக்கடி கழற்றி மாட்டினால் தாங்காது என்பதால் நான் தொடவில்லை. மூடியைப் பூட்டிவிட்டு, 'மோட்ப்ரோப்' கட்டளையால், ஓடிக்கொண்டிருந்த டிரைவரை நினைவகத்திலிருந்து இறக்கி, ஆன்ட்_செல்=1 என்று ஏற்றினேன். அதே -62. மறுபடி இறக்கி 2 என்று ஏற்றினேன். -33. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவள் அறைக்கு ஓடினோம். -55! அதே மேசையில் கொஞ்சம் முன்னால் -86 காட்டியது. முப்பது டெசிபல் என்றால் ஆயிரம் மடங்கு.

இந்த அமைப்பை 2016இல் கெர்னலில் சேர்த்தவர் லாரி ஃபிங்கர் என்ற அமெரிக்கர். அப்போதே எழுபது வயதைத் தாண்டியவர். லினக்ஸில் வைஃபை ஓடுவதற்காக ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட திருத்தங்களைக் கொடுத்துவிட்டு, 2024 ஜூனில் 84 வயதில் காலமானார். அவர் எழுதிய ஒரு சின்ன வசதியால் இந்தப் பெண் தன் அறையில் உட்கார்ந்து படிக்கிறாள் என்பதை அவளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் அவள் பேசவில்லை.

ஒரு வேலை பாக்கி இருந்தது. டிரைவரை ஏற்றும்போது கொடுத்த எண் அணைத்துப் போட்டால் போய்விடும். நிலைக்க வேண்டுமென்றால் மோட்ப்ரோப்.டி என்ற அடைவில் (ஃபோல்டரில்) ஒரு கோப்பில் 'ஆப்ஷன்ஸ் ஆர்டிஎல்8723பிஇ ஆன்ட்_செல்=2' என்ற வரியை ஆங்கில எழுத்தில் போட வேண்டும். போட்டேன். மறுதொடக்கம் செய்தால் பழையபடி -86. வரியைப் பத்துத் தடவை சரிபார்த்தேன், பிழையே இல்லை. கோப்பின் பெயர் '.கான்ஃப்' என்று முடியவில்லை, அதுதான் கோளாறு. அந்த முடிவு இல்லாத கோப்பை மோட்ப்ரோப் படிக்காது. பெயரை மாற்றியதும் அமைப்பு நிலைத்துவிட்டது.

கிளம்பும்போது அந்த வரியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி லேப்டாப்பின் அடியில் ஒட்டினேன். நாளை யாராவது லினக்ஸைப் புதிதாக நிறுவினால் மறுபடி தேவைப்படும். அவள் அதன்மேல் டேப் ஒட்டினாள், எழுத்து அழியாமல் இருக்க.