மூட்டுவலிக் களிம்பும் குறுவை வெயிலும்

குறுவை நடவின்போது என் வலது முழங்காலில் எழுந்த தடிப்புக்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். களைக்கொல்லி பட்டிருக்கும் என்றார் அண்ணன். பார்த்தீனியச் செடி உரசியிருக்கும் என்றார் பக்கத்து வயல்காரர். அக்கி என்றே முடிவுகட்டிய பெரியம்மா, குயவரிடம் போய்க் காவி எழுதிக்கொள்ளச் சொன்னார். சிவந்து, கொப்புளித்து, நீர் கசிந்த அந்த இடத்தில் துணி பட்டாலே எரிந்தது.

தஞ்சாவூரில் நான் பார்த்த தோல் மருத்துவர், வயலில் நிற்பதுபோல வேட்டியை மடித்துக் கட்டி நிற்கச் சொன்னார். தடிப்பின் மேல் ஓரம் வேட்டி விளிம்போடு கோடு கிழித்தாற்போல் நின்றிருந்தது. மூட்டுவலிக்கு நான் தடவியிருந்த களிம்போ அதற்கும் மேலே தொடைவரை பட்டிருந்தது. வெயில் படாத அந்தப் பகுதியில் ஒன்றுமே இல்லை. களிம்பிலிருந்த கீட்டோபுரோஃபென் என்ற வலிநிவாரணியைச் சுட்டிக்காட்டிய அவர், சூரிய ஒளியிலுள்ள புற ஊதா ஏ கதிர்கள் அம்மருந்தை மாற்றித் தோலின் புரதத்தோடு பிணைக்கின்றன என்றும், அதை அந்நியப் பொருளாக அறிந்துகொண்ட நோயெதிர்ப்பு மண்டலம் மறுமுறை தாக்குகிறது என்றும் விளக்கினார். முதலில் தடவியபோது ஒன்றும் செய்யாத களிம்பு பின்னர் இப்படிப் படுத்தியதற்கு அதுவே காரணம்.

இதை உறுதிசெய்ய ஒளி ஒட்டுச் சோதனை உண்டு. சந்தேகத்துக்குரிய பொருள்களை முதுகில் இரண்டு வரிசையாக ஒட்டி, பின்னர் ஒரு வரிசைக்கு மட்டும் புற ஊதா ஏ ஒளியைக் காட்டுகிறார்கள். வழக்கமான அளவு சதுர சென்டிமீட்டருக்கு 5 ஜூல். ஒட்டிய இடம் நனையவோ வியர்க்கவோ கூடாது என்பதால் நடவு முடிந்த பிறகே நான் அதற்குப் போனேன். வயல்வேலை செய்பவர்கள் அப்படிப் போவதுதான் நல்லது. எனக்கு ஒளி பட்ட வரிசையில் மட்டும், கீட்டோபுரோஃபென் வைத்த இடம் சிவந்து தடித்தது.

ஸ்டீராய்டு களிம்பில் புண் ஆறியது. ஆனால் மருந்தை நிறுத்தியதோடு வெயில் அபாயம் நீங்கிவிடுவதில்லை. இந்தக் களிம்பைப் பயன்படுத்தும்போதும், நிறுத்திய பின் இரண்டு வாரங்களுக்கும் தடவிய இடத்தை வெயிலிலிருந்து மறைக்க வேண்டும் என்பதே விதி. ஐரோப்பிய மருந்து முகமை 2010இல் இதை ஆராய்ந்து, மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதென்று பரிந்துரைத்தது. நம் ஊர் மருந்துக் கடைகளிலும் இந்த எச்சரிக்கையை வாய்விட்டுச் சொல்லியே கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மேகமூட்டமும் பேருந்தின் சன்னல் கண்ணாடியும் புற ஊதா ஏ கதிர்களை முழுதாகத் தடுப்பதில்லை. ஆக்டோகிரைலின் கலந்த சன்ஸ்கிரீன் சிலருக்கு இதே ஒவ்வாமையைக் கிளப்பும் என்பதால், எனக்குத் துத்தநாக ஆக்சைடு கலந்ததையே மருத்துவர் எழுதிக்கொடுத்தார். அதே காரணத்துக்காகக் கொழுப்புக்குத் தரும் ஃபீனோஃபைப்ரேட் மாத்திரையையும் தவிர்க்கச் சொன்னார்.