பலூன் மேல போகணும்னா உதட்டை மூடணும்

சிபி, அதாவது செரிப்ரல் பால்ஸி (மூளை பாதிப்பால தசைங்க நினைச்சபடி அசையாத நிலை) இருக்குற குழந்தைங்களோட வேலை பாக்குற ஸ்பீச் தெரபிஸ்ட் நான். வர்ற அம்மாக்கள் முதல்ல கேக்குறது "எம்புள்ள பேசுவானா மேடம்?" அதுக்கப்புறம் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "இந்த எச்சில் ஒழுகுறது நிக்குமா?" பெரும்பாலும் எச்சில் அதிகமா ஊறுறதால வர்ற பிரச்சனை இல்ல இது. ஊறுனதை அப்பப்ப முழுங்க முடியல, உதடு மூடி நிக்கல, தலையும் முன்னாடி சாயுது, அப்ப வெளியதான வரும்.

உதட்டுக்குப் பயிற்சின்னா கண்ணாடி முன்னாடி உக்கார வெச்சு "ஊ சொல்லு, ஈ சொல்லு"ன்னு கெஞ்சுறதுதான் ரொம்ப நாளா நடந்துச்சு, கொஞ்ச நேரத்துல பிள்ளை மூஞ்சியத் திருப்பிக்கும். பக்கத்து இன்ஜினியரிங் காலேஜ் பசங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு ஒரு கேம் செஞ்சு தந்தாங்க. கூகுளோட மீடியாபைப்னு இலவச மென்பொருள் இருக்கு, சாதாரண வெப்கேம்லயே முகத்துல 468 புள்ளியைப் பிடிச்சு ரெண்டு உதட்டுக்கும் நடுவுல எவ்ளோ இடைவெளின்னு கணக்குப் போட்டுடும். உதட்டை மூடுனா பலூன் மேல போகும், வாயைத் திறந்தா மீன் முழுங்கும், அவ்ளோதான் கேம்.

ஆனா பசங்க முதல்ல கொண்டு வந்ததுல டைமர் இருந்துச்சு. இந்தப் பிள்ளைங்களுக்கு நாம சொன்னது நல்லாவே புரியும், செய்யவும் நினைப்பாங்க, ஆனா முதல்ல உடம்பு விறைக்கும், கை தூக்கும், அதெல்லாம் கடந்து உதடு வர்றதுக்குள்ள திரையில "கேம் ஓவர்"னு வந்துடும், அந்த முகத்தைப் பாக்க முடியாது. டைமரை எடுக்கச் சொன்னேன். ஜெயிச்சா "டமார்"னு வர்ற சத்தத்தையும் எடுக்கச் சொன்னேன், ஏன்னா திடீர் சத்தத்துக்கு உடம்பே தூக்கிப் போடும், அப்புறம் திரும்ப தளர்ந்து உக்கார ரொம்ப நேரமாகும். முக்கியமா, உதடு எவ்ளோ மூடுனா பலூன் ஏறணும்னு அளவு வைக்கிறது அந்தந்தப் பிள்ளையோட முகத்தை வெச்சே இருக்கணும்.

கேமை விட உக்கார வைக்கிறதுக்குத்தான் நேரம் போகும். சிபி சேர்ல இடுப்பு பின்னாடி ஒட்டி, பாதம் பலகையில பதிஞ்சு, தலைக்கு சப்போர்ட் குடுத்தாதான் கேமராவும் முகத்தைப் பிடிக்கும், உதடும் வேலை செய்யும்.

கேமரா ஏமாறுற இடமும் உண்டு. ஒரு பையன் பலூனை ஜோரா ஏத்துறான், பாத்தா பல்லை நறநறன்னு கடிச்சு, ரெண்டு கையும் முஷ்டியா மடக்கி வெச்சிருக்கான். உதடு மூடிருச்சுன்னு கேமரா மார்க் போட்டுடும், ஆனா வேலை செஞ்சது தாடை. நிறுத்தி, தாடைக்கு அடியில லேசா விரல் வெச்சு, மூச்சு விட வெச்சு, அப்புறம்தான் திரும்ப ஆரம்பிச்சோம். பக்கத்துல ஆள் இல்லாம டேப்லெட்டைக் கையில குடுத்துட்டுப் போறது தெரபி இல்லன்னு நான் பிடிவாதமா சொல்றது இதனாலதான்.

இன்னொன்னையும் அம்மாக்கள்கிட்ட மறைக்காம சொல்லிடுவேன். வாய்ப் பயிற்சி மட்டும் செஞ்சா பேச்சு வந்துடாது, பேச்சு பேசிப் பேசித்தான் வரணும், வராத பிள்ளைக்குப் படப் பலகையோ டேப்லெட்ல பேசுற ஆப்போ ஆரம்பத்துலயே குடுத்துடணும். கேமோட பலன் எனக்குத் தெரியுறது ஸ்பூன்லதான். அதனால பலூன் முடிஞ்ச கையோட குழைஞ்ச சாதம். அவசரத்துல நிறைய பேர் ஸ்பூனை மேல் உதட்டுல வழிச்சு விட்டுடுவாங்க, தலையும் அண்ணாந்துடும், புரை ஏறிடும். தலை நேரா இருக்க, ஸ்பூனை நாக்கு நடுவுல லேசா அழுத்தி வெச்சுட்டு காத்திருங்கம்மான்னு சொல்வேன். அந்தப் பையனோட மேல் உதடு மெதுவா நடுங்கிட்டே இறங்கி ஸ்பூனைத் தொட்டப்ப அவங்க அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க, எனக்கும் கண்ணு கலங்கிடுச்சு.

இந்த வருஷம் வந்திருக்குற பசங்ககிட்ட ஒண்ணு கேட்டிருக்கேன்: ஜெயிச்சா பளிச் பளிச்னு மின்னுற நட்சத்திரம் வேண்டாம். எங்க பிள்ளைங்கள்ல பல பேருக்கு ஃபிட்ஸ் இருக்கு, சிலருக்கு மின்னுற வெளிச்சமே ஃபிட்ஸைக் கிளப்பிடலாம். அதுக்குப் பதிலா அம்மாவோட முகம் வரட்டும், ஃபோட்டோவை நாங்களே எடுத்துத் தர்றோம்.