காலண்டர் தாளில் திதியையும் பாருங்கள்

அமாவாசையோ பௌர்ணமியோ வந்தால் போதும், "திருச்செந்தூரில் கடல் உள்வாங்கியது, பக்தர்கள் அச்சம்" என்று டிவியில் ஓட ஆரம்பித்துவிடும். உடனே கோயம்புத்தூரிலிருந்து மதினி போன் செய்வார். "என்ன தம்பி, கடல் உள்ள போயிட்டாமே, பிள்ளைகளக் கூட்டிட்டு வரலாமா வேண்டாமா?" அச்சப்பட்ட பக்தர் யாரையும் நான் பார்த்ததில்லை. பாசி படிந்த பாறைமேல் ஏறி செல்ஃபி எடுப்பவர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். அந்த இரண்டு திதிகளிலும் சூரியன், சந்திரன், பூமி மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வருகின்றன. இரண்டு இழுப்பும் சேர்ந்துகொள்வதால் ஏற்றத்தில் தண்ணீர் வழக்கத்தைவிட மேலே வரும், வற்றத்தில் வழக்கத்தைவிடக் கீழே இறங்கும். திதி முடிந்த அடுத்த ஓரிரு நாளில்தான் இது நன்றாகத் தெரியும். அஷ்டமி, நவமி பக்கம் சூரியன் வேறு பக்கமாக இழுப்பதால் வித்தியாசம் சுருங்கிவிடும்.

குஜராத்தின் பாவ்நகர் பக்கம் கடல் பத்து மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். மன்னார் வளைகுடாவில் ஒரு மீட்டர்கூட இருக்காது. அப்படியிருந்தும் கடல் எப்படி அவ்வளவு தூரம் உள்ளே போகிறது? எல்லாம் கரையின் சரிவுதான். 50 அடி நடந்தால்தான் ஒரு அடி ஆழம் கூடும் என்கிற மாதிரி தட்டையான கரையில் நீர்மட்டம் 2 அடி இறங்கினால் 100 அடி தரை வெளியே வந்துவிடும். இறங்கியது முழங்கால் அளவு, டிவிக்காரருக்குக் கிடைத்தது ஒரு மைதானம்.

சுனாமி பயம் வருவதிலும் நியாயம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 பௌர்ணமி நாள்தான். ஆனால் அன்று வந்தது சுமத்ரா பக்கத்து நிலநடுக்கத்தால், நிலாவுக்கும் அதற்கும் தொடர்பு கிடையாது. வற்றம் ஆறு மணி நேரமாக மெல்ல இறங்கும். நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே சில நிமிடங்களில் கடல் விறுவிறுவென்று பின்வாங்கினால் அது வேறு, செருப்பைக்கூடத் தேடாமல் மேட்டுக்கு ஓடுங்கள்.

எங்கள் பக்கம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வற்றம் பெரும்பாலும் காலையில் வரும், மறுபடி மாலையில். தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். பிள்ளைகளுக்குப் பாறைக்குழியில் தேங்கிய தண்ணீரைக் காட்ட வேண்டுமென்றால் அந்தக் காலை நேரம்தான். குனிந்து நிழல் விழாமல் பாருங்கள். ஆள் அசைந்தால் நண்டு இடுக்குக்குள் போய்விடும், கொஞ்சம் பொறுத்தால் முதலில் கொடுக்கு மட்டும் வெளியே வரும். விரல் நீள மீன்கள் குழிக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். பச்சையாகப் பளபளக்கும் பாறையில் கால் வைக்காதீர்கள், எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். வெறுங்காலோடும் போகாதீர்கள், ஒட்டியிருக்கும் சிப்பி கிழித்துவிடும். திரும்பி வருவதற்கும் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றம் முதல் மணியில் சோம்பேறித்தனமாக வரும். மூன்றாவது, நான்காவது மணிகளில்தான் மொத்த ஏற்றத்தில் பாதி வந்து சேரும். நீங்கள் கடலைப் பார்த்து நிற்க, முதுகுக்குப் பின்னால் பள்ளம் நிரம்பியிருக்கும்.

நம் ஆட்கள் கடலாடும் நாட்களை யோசித்துப் பாருங்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசை, மாசி மகம். எல்லாமே கடல் அதிகம் ஏறி இறங்கும் நாட்கள்! சூரசம்ஹாரம் மட்டும் சஷ்டியில் வருவதால், கரையில் அவ்வளவு கூட்டம் நிற்கும் நேரத்தில் அந்த வேகம் தணிந்திருக்கும்.

வற்றம் என்றால் கடல் சாந்தமாக இருக்கும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அலை வேறு கணக்கு. காற்று கிளப்புவது ஒரு பக்கம், எங்கோ தெற்கே ஆழ்கடலில் கிளம்பி, சொல்லாமல் கொள்ளாமல் கரைக்கு வரும் கள்ளக்கடல் என்கிற பெரிய அலை ஒரு பக்கம். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் உயிரிழந்தது அப்படிப்பட்ட எச்சரிக்கை இருந்த சமயத்தில்தான். அதனால் ஏற்ற வற்றத்துக்குத் திதியைப் பாருங்கள், அலைக்கு ஹைதராபாத்தில் இருக்கும் மத்திய அரசின் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் விடும் எச்சரிக்கையைப் பாருங்கள். இரண்டையும் பார்த்த பிறகு கரையில் வலை சரிசெய்துகொண்டிருக்கும் அண்ணாச்சியிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள், அவர் வேண்டாமென்றால் வேண்டாம்.

கன்னியாகுமரி போகிறவர்களுக்கு ஒரு கூடுதல் தகவல். நீர்மட்டம் தாழ்ந்திருக்கும் காலைகளில் திருவள்ளுவர் சிலைக்குப் படகு விடமாட்டார்கள், படகு பாறையில் தட்டிவிடும். முன்பெல்லாம் டிக்கெட் வரிசையில் நின்று வாடவேண்டியிருக்கும். 2024 டிசம்பர் 30 அன்று 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு, விவேகானந்தர் பாறையில் இறங்கி நடந்தே சிலைக்குப் போய்விடலாம். கடல் சீற்றமாக இருந்தால் அந்தப் பாறைக்கும் படகு கிடையாது, அன்றைக்குப் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய்விடுங்கள்.