பையனுக்கு வகுப்பில் ஒரு எய்ட் கேட்ட கதை

கலிஃபோர்னியாவுக்கு வந்து, ஆட்டிசம் உள்ள பிள்ளையைப் பொதுப் பள்ளியில் சேர்க்கும் நம்மவர்கள் பலரும் முதலில் டாக்டரிடம் போய் "ஒன் டு ஒன் எய்ட் தேவை", அதாவது வகுப்பில் பிள்ளைக்கென்றே கூட இருக்கும் ஓர் உதவியாளர் தேவை என்று ஒரு கடிதம் வாங்குவார்கள். ஊரில் டாக்டர் எழுதிக் கொடுத்தால் மறுபேச்சு இருக்காது. இங்கே அதை மரியாதையாக வாங்கி ஃபைலில் வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். முடிவு, பிள்ளைக்கான தனிக் கல்வித் திட்டத்தை (ஐ.இ.பி.) எழுதும் குழுவுடையது. அந்தக் குழுவில் பெற்றோரும் ஓர் உறுப்பினர். 1975-இல் வந்து, இப்போது ஐடியா (IDEA) என்ற பெயரில் இருக்கும், மாற்றுத்திறன் பிள்ளைகளின் கல்விக்கான மத்திய சட்டம் தந்த உரிமை இது. எந்த விசாவில் வந்திருந்தாலும் பிள்ளைக்கு இது உண்டு.

எங்கள் பையனுக்கு அப்போது பேச்சு கம்மி, ஓட்டம் அதிகம். மணி அடித்து எல்லாரும் வரிசையில் நிற்கும்போது இவன் மட்டும் கேட்டை நோக்கி ஓடுவான். டீச்சரிடம் பல தடவை சொன்னோம், "பார்க்கலாம்" என்று சிரித்தார். அப்புறம் லிவர்மோர் கோயிலில் பழக்கமான ஒரு அக்கா, "வாயால கேட்டதுக்கு இங்க கணக்கே கிடையாதும்மா, தேதி போட்டு எழுதிக் குடு" என்றார்.

எழுதிக் கொடுத்ததும்தான் கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது. 15 நாளுக்குள் எதையெல்லாம் மதிப்பிடப் போகிறார்கள் என்ற திட்டத்தைத் தர வேண்டும், நாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகு 60 நாளுக்குள் கூட்டம் நடத்த வேண்டும் (நீண்ட விடுமுறைகள் இதில் சேராது). எய்ட் தேவையா என்று பார்ப்பதற்கே இந்த மாநிலத்தின் பல பள்ளி மாவட்டங்களில் தனி மதிப்பீடு உண்டு, எஸ்.சி.ஐ.ஏ. என்பார்கள். கடிதத்தில் அதைப் பெயர் சொல்லியே கேட்டேன். கூடவே எந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்பதையும் எழுதினேன்: வரிசை கலையும்போது ஓடுகிறான், கத்தரிக்கோல் வேலை வந்தால் மேஜைக்கடியில் போய்விடுகிறான், டிபன் டப்பாவை யாராவது திறந்து தராவிட்டால் பட்டினியாகவே திரும்பி வருகிறான். "பாவம், சின்னப் பிள்ளை" என்பதைவிட இதற்குத்தான் அங்கே எடை அதிகம்.

கூட்டத்தில் மேஜை நிறைய ஆட்கள். சைக்காலஜிஸ்ட், ஸ்பீச் தெரபிஸ்ட், இரண்டு டீச்சர்கள், பள்ளி மாவட்டத்தின் சார்பில் ஒருவர். எல்லாரும் இனிமையாகத்தான் பேசினார்கள், அந்த இனிமையில்தான் நம் ஆட்கள் தலையாட்டிவிட்டு வருகிறோம் என்று நினைக்கிறேன். "எய்ட் வைத்தால் அவரையே சார்ந்திருக்கப் பழகிவிடுவான்" என்றார்கள். இது பொய்யில்லை, அப்படி ஆன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதற்காக எய்டே வேண்டாம் என்பது என்ன நியாயம், படிப்படியாகக் குறைக்க ஒரு திட்டத்தையும் சேர்த்து எழுதலாமே என்று என் வீட்டுக்காரர் கேட்டார். பணமில்லை என்பதை யாரும் காரணமாகச் சொல்லவில்லை, சட்டப்படி அது செல்லவும் செல்லாது.

சரி, ஒத்துக்கொண்டார்கள். ஆனால் வரைவில் "தேவைப்படும்போது பெரியவர் ஒருவரின் உதவி" என்று மட்டும் இருந்தது. கவனமாகப் படிக்க வேண்டிய வரி இதுதான். தேவை என்று யார் முடிவு செய்வது? ஆள் பற்றாக்குறை வரும் நாளில் தேவையே இல்லாமல் போய்விடும். எத்தனை நிமிடம், எந்த இடத்தில் என்று மாற்றச் சொன்னோம், அந்த மாற்றம் வரும்வரை அந்தப் பகுதிக்கு மட்டும் சம்மதம் தரவில்லை. மற்றதற்குக் கையெழுத்துப் போட்டோம். இங்கே அப்படிப் பிரித்துச் சம்மதிக்கலாம். 24 மணி நேரம் முன்னால் சொல்லிவிட்டால் கூட்டத்தை ஆடியோவில் பதிவு செய்யவும் செய்யலாம். ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், செலவு அவர்களுடையது.

எய்டாக வந்தவர் ஒரு பிலிப்பினோ அம்மா. இடுப்பில் ஒரு வளையம், அதில் சின்னச் சின்னப் பட அட்டைகள். மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னாடியே வரிசைப் படத்தைக் காட்டிவிடுவார், பிறகு அவன் கையைப் பிடிக்காமல் இரண்டடி பின்னால் நடப்பார். கேட் பக்கம் ஓடுவது நின்றுவிட்டது. இவரே தொடர்ந்து வருவார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை, ஐ.இ.பி. நிமிடங்களுக்குத்தான் பொறுப்பு, ஆளுக்கு இல்லை; சம்பளமும் குறைவு என்பதால் அடிக்கடி மாறுகிறார்கள்.

அடுத்த ஆண்டுக் கூட்டம் வருகிறது. விளையாட்டு நேர நிமிடங்களைக் குறைக்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். குறைக்கலாம், அந்த நேரத்துக் குறிப்பேட்டை முதலில் அனுப்புங்கள் என்று பதில் எழுதியிருக்கிறேன், தேதி போட்டு.