நந்தி தெரிகிற காலத்தில் மேட்டூர்

மேட்டூருக்குப் போகிறேன் என்றால், "அணையின் பதினாறு கண் மதகும் திறந்தபிறகு போயேன்" என்பார்கள். நான் போனது நீர் வற்றிக் கிடந்த ஒரு மே மாதத்தில். வேண்டுமென்றேதான்.

சேலத்திலிருந்து ஓமலூர், மேச்சேரி வழியாக பஸ். அணைக்கு முன்னால் கண்ணில் படுவது அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். பழைய அலகுகள் 840 மெகாவாட், பிறகு சேர்ந்தது 600. அணையின் நீரையும் மின்சாரத்தையும் நம்பி வந்தவைதான் இங்குள்ள இரசாயன ஆலைகளும், ஓய்ந்துபோன அலுமினிய ஆலையும். டீக்கடையில் தொண்டை கரகரத்து இருமினேன். "காற்று இந்தப் பக்கம் திரும்பிவிட்டது, சார்" என்று கடைக்காரர் இன்னொரு டீயை நீட்டினார். அதற்கும் காசு வாங்கிக்கொண்டார்.

1925இல் தொடங்கி 1934இல் முடித்த அணை இது. நீளம் 5,300 அடி. 120 அடி நிரம்பினால் 93.47 டிஎம்சி நீர் (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி). படங்களில் பார்க்கும் பதினாறு கண் மதகு, இந்தப் பெரிய சுவரில் இல்லை. இடப்புறம் தள்ளித் தனியாக நிற்கிறது. உபரி நீருக்கு மட்டும்தான் அது. டெல்டாவுக்கான நீர் பெரிய சுவரின் அடியிலிருந்தே போகிறது. இத்தனை வருடம் இது தெரியாமல் இருந்ததை மனைவியிடம் சொல்லவில்லை.

பூங்காவை ஒரு சுற்றுச் சுற்றியதோடு சரி. அணைக்கட்டு முனியப்பன் கோயில் பக்கம் கிடா வெட்டிய குடும்பங்கள் மர நிழலில் அடுப்பு மூட்டியிருந்தன. வாசனையைப் பொறுக்க முடியாமல் மீன்கடைக்குள் நுழைந்தேன். மிளகாய்த்தூள் அப்பிய கட்லாத் துண்டு, எண்ணெயில் விழுந்ததும் ஓரம் சுருண்டு கறுத்தது. முள்ளை எடுக்கப் பொறுமையில்லாமல் நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

பிற்பகலில் கொளத்தூர் வழியாக, நீர்த்தேக்கக் கரையில் உள்ள பண்ணவாடி. நான் வந்ததே இதற்காகத்தான். அணை கட்டியபோது நீருக்குள் போன ஊர்களின் மிச்சமாக, நீர்மட்டம் நன்றாக இறங்கும்போது ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும், பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் தலைகாட்டும். அன்று நந்தி முழுதாகவே வெளியில் இருந்தது. காரை பெயர்ந்த முதுகு. காதுக்குள் காய்ந்த சேறு, அதில் ஒட்டிய நத்தை ஓடு. சுற்றிலும் நிலம் பாளம் பாளமாக வெடித்திருந்தது. நீர் பின்வாங்கப் பின்வாங்க உழுது விதைத்து, அறுத்தும் முடித்திருந்தார்கள். சோளத் தட்டையின் அடிக்கட்டை செருப்பைக் குத்தியது.

நந்தியின் நிழலில் ஒரு பாட்டி ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். "என் மாமியார் பிறந்த ஊர் அங்கேதான், கண்ணு" என்று நீரின் நடுவே கையைக் காட்டினார். அங்கே அக்கரை நாகமறைக்குப் போகும் படகு ஒன்றைத் தவிர எதுவும் இல்லை.

"மேலே மழை எப்படியாம்?" என்று கேட்டார்.

குடகில் இன்னும் தொடங்கவில்லை, டெல்டாவுக்கு வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12க்குள் அணை திறப்பது சந்தேகம்தான் என்றேன். தஞ்சாவூர்க்காரன் கவலை எனக்கு.

"அப்படியானால் இன்னும் பத்து நாள் இங்கேயே மேய்க்கலாம்" என்று சொல்லிவிட்டு, வெற்றிலையை மடித்தார்.