கண்ணீரில் வைரஸ் தேடும் வேலை

கோவிட் போன்ற மூச்சுத் தொற்று வந்தவர்களின் கண்ணீரில் வைரஸ் தேடும் எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேருபவர்கள் முதலில் கேட்பது, "நோயாளியை அழ வைக்கணுமா?" என்றுதான். கூடாது. அழுதால் பெருகும் கண்ணீரில் இருக்கும் கொஞ்சநஞ்ச வைரஸும் நீர்த்துப் போகும். ஷிர்மர் தாளின் நுனியை மடித்து, கீழ் இமையின் வெளி ஓரத்தில் செருகி ஐந்து நிமிடம் காத்திருப்போம். 5 மி.மீ. அகலம், 35 மி.மீ. நீளமுள்ள சாதாரண வடிதாள்தான் அது. இல்லையென்றால் கீழ் இமையின் உட்புறத்தை மெல்லிய ஸ்வாபால் தடவி எடுப்போம். இருமிக்கொண்டே இருப்பவரிடம் இரண்டுமே லேசான வேலை இல்லை.

இந்த வேலையின் முழுச் சிக்கலும் அளவில்தான் இருக்கிறது. கண்ணின் மேல் எப்போதும் இருக்கும் கண்ணீர் சுமார் 7 மைக்ரோலிட்டர். சொட்டு மருந்தின் ஒரே துளி அதைவிடப் பல மடங்கு. அந்தக் கொஞ்சக் கண்ணீரிலும் லைசோசைம், லாக்டோஃபெரின், ஐஜிஏ என்று கிருமியை எதிர்க்கும் சரக்கு நிறைய. ஒவ்வொரு இமைப்பும் பழைய கண்ணீரை மூக்குக்குள் தள்ளிவிடுகிறது. அதனால்தான் கோவிட் நோயாளிகளின் மூக்கில் எடுத்த மாதிரி பளிச்சென்று பாசிட்டிவ் காட்டும்போது, கண்ணில் எடுத்த மாதிரி பெரும்பாலும் நெகட்டிவாகவே வந்தது. வந்த சில பாசிட்டிவ்களும், வைரஸ் மரபணுவைச் சுழற்சி சுழற்சியாகப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் சோதனையில் சுழற்சிகள் முடியப்போகும் நேரத்தில்தான் தலைகாட்டின; அதாவது வைரஸ் மிகக் கொஞ்சம்.

நெகட்டிவ் என்றால் நான் முதலில் பார்ப்பது ஆர்என்ஏஸ்-பி வரைகோட்டை. அது மனித மரபணு; நோயாளியின் செல்கள் ஸ்வாபில் வந்திருந்தால் அது தெரிய வேண்டும். அதுவே எழும்பவில்லை என்றால் ஸ்வாபில் எதுவும் ஒட்டவில்லை என்றுதான் பொருள். வைரஸ் இல்லை என்று அறிக்கை கொடுக்க முடியாது. பாசிட்டிவிலும் வம்பு உண்டு. மூக்கைத் துடைத்த கையாலேயே கண்ணைக் கசக்கியிருக்கலாம். பிசிஆர் காட்டுவது வைரஸின் மரபணுப் பொருளான ஆர்என்ஏவை மட்டும். வைரஸ் உயிரோடு இருக்கிறதா என்பதைச் செல் வளர்ப்பில்தான் பார்க்க வேண்டும். "அப்போ என் கண்ணீரால பரவுமா?" என்று கேட்பவர்களிடம், இருமலைப் பற்றி முதலில் கவலைப்படுங்கள், கண்ணைத் தொட்டால் கையைக் கழுவுங்கள் என்பேன்.

அடினோவைரஸ் வேறு ஜாதி. தொண்டை வலியும் செங்கண்ணும் சேர்ந்து வருபவரின் கண் ஸ்வாபில் அது தாராளமாகக் கிடைக்கும்.

பறவைக் காய்ச்சலில் இந்தக் கணக்கு இன்னும் தலைகீழ். 2003இல் நெதர்லாந்தில் எச்7என்7 தொற்றிய 89 பேரில் பெரும்பாலானோருக்குக் கண் அழற்சிதான் வந்தது. பறவைக் காய்ச்சல் வைரஸ்கள் பற்றிக்கொள்ள விரும்பும் சியாலிக் அமில ஏற்பி மனிதக் கண்ணின் மேற்பரப்பில் நிறைய உண்டு. 2024இல் அமெரிக்கப் பால் பண்ணைத் தொழிலாளர்களிடம் எச்5என்1 பரவியபோதும் அதே கதை. டெக்சாஸ் தொழிலாளி ஒருவரின் கண் மாதிரியில் சிடி மதிப்பு (வைரஸ் தென்பட்ட பிசிஆர் சுழற்சி எண்; குறைந்தால் வைரஸ் அதிகம்) 18, மூக்கு மாதிரியில் 33. மிச்சிகனில் ஒருவருக்கு மூக்கு மாதிரி நெகட்டிவ், கண் மாதிரி பாசிட்டிவ். மூக்கை மட்டும் பார்த்திருந்தால் அவரை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். கண் சிவந்து வரும் பண்ணைத் தொழிலாளியிடம் இரண்டு ஸ்வாபும் எடுங்கள் என்று நான் நச்சரிப்பது இதற்காகத்தான்.