டிராபன்ட்: பேர் எழுதிவிட்டுக் காத்திருந்த கார்

கிழக்கு ஜெர்மனியில் டிராபன்ட் கார் வேண்டுமென்றால் பேர் எழுதி வைத்துவிட்டுப் பத்து வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. அதனால் ஓடின பழைய வண்டிக்குப் புது வண்டியைவிட விலை அதிகம்! உடனே கைக்கு வருகிறதே.

1957இல் ஸ்விக்காவ் நகரில் தொடங்கிய வண்டி. இரண்டே சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். இரும்புத் தகட்டுக்குத் தட்டுப்பாடு, அதனால் பருத்திக் கழிவையும் பிசினையும் சேர்த்து அழுத்தி பாடியின் வெளிப்பகுதியைச் செய்தார்கள். பெரும்பாலான வண்டிகளில் பெட்ரோல் மீட்டரே கிடையாது. பானெட்டைத் தூக்கி, டேங்கில் குச்சியை விட்டு, எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்த டேங்க் இருப்பதோ எஞ்சினுக்குப் பக்கத்திலேயே. (நினைத்தாலே எனக்குத் திக்கென்கிறது.)

1989இல் பெர்லின் சுவர் திறந்ததும் மேற்கே வரிசை கட்டிப் போனவை இவைதான். 1991இல் உற்பத்தி நின்றது. இப்போது பெர்லினில் அதையே சுற்றுலாப் பயணிகளுக்கு ஓட்டக் கொடுத்துக் காசு பார்க்கிறார்கள்.